இடம் மாறிய வாயாடிகள்

சுழலி பம்ப்ஸ் கம்பெனியில் மனிதர்கள் சம்பள உயர்வு கேட்பது சட்டப்படி குற்றமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

ஆள் நேரில் போய்க் கேட்டால் ஆளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள், அதனால்தான் ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்று ஆகிவிடுகிறது. ஆளே போகாவிட்டால் என்ன என்று தலைநகரத்தில் யாருக்கோ தோன்றியது. அதற்கு ஒரு குழு போட்டார்கள். குழு மலைவாசஸ்தலங்களில் கோடைக்குக் கோடை கூடி யோசித்தது. சட்டம் வந்தது.

அதன்படி ஒவ்வொரு ஊழியரின் கழுத்து அட்டைக்குள்ளும் ஒரு சில்லு. வருடம் முழுக்க அவர் வேலையில் என்ன செய்கிறார், எப்படிப் பேசுகிறார் என்று அது கேட்டுக் கற்றுக்கொள்ளும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் அட்டையின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு மின்னும். சம்பள உயர்வு நாளன்று அவருக்குப் பதிலாக அது போய்ப் பேசும். அதன் அரசாங்கப் பெயர் 'நிகருரிமைத் தன்பேராளர்'. பெயர் வைத்தவருக்கு விருதெல்லாம் கொடுத்தார்கள். ஆனால் கோயமுத்தூர் முழுக்க அதை 'வாயாடி' என்றுதான் சொன்னார்கள்.

எல்லா வாயாடிக்கும் ஒரே குரல். ரயில் நிலைய அறிவிப்புக்கு ஜலதோஷம் பிடித்தாற்போல இருக்கும். தன் சொந்தக்காரர் ஆணா பெண்ணா என்பது வாயாடிக்குத் தெரியக் கூடாது, தெரியப்படுத்தினால் அபராதம். அக்கா, அண்ணா, சார், மேடம் என்று யார் யாரைக் கூப்பிட்டாலும் அதன் காதில் 'சக ஊழியர்' என்றே விழும்படி செய்திருந்தார்கள்.

வாயாடி போய்ப் பேச வேண்டியது 'நடுவர்' என்ற இன்னொரு மென்பொருளிடம். சுழலியின் நடுவர், நிறுவனர் ஐயா உயிரோடு இருந்தபோது முப்பது வருடமாக எடுத்த சம்பள முடிவுகளையெல்லாம் படித்துத் தேறியது. ஐயாவின் படம் வரவேற்பறையில் சந்தன மாலையோடு இருக்கிறது. அவருடைய நியாய உணர்வு அழியாமல் காக்கப்பட்டிருப்பதாக அதற்குக் கீழே பித்தளையில் பொறித்திருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தும் சுழலியில் பெண்களின் சம்பளம் ஆண்களைவிடக் குறைவாகத்தான் இருந்தது. சம்பளங்களைக் கேன்டீன் திரையில் எல்லோரும் பார்க்கலாம் என்பதும் சட்டம். பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

காரணத்தை நிர்வாகம் கண்டுபிடித்து அறிவித்தது. பெண்கள் கேட்பதில்லை. அவர்கள் கேட்காததால் அவர்களுடைய வாயாடிகளும் கேட்பதில்லை. அதனால் மகளிர் தினத்தன்று ரோஜாப்பூவும் பிளாஸ்டிக் டிபன் டப்பாவும் கொடுத்த கையோடு, சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து 'கேள் பெண்ணே கேள்' என்று ஒரு வகுப்பு நடத்தினார்கள். ஊதாத் துப்பட்டா போட்ட அந்தப் பெண்மணி ஒவ்வொருவரையும் எழுப்பி, "எனக்கு வேண்டும்!" என்று உரக்கச் சொல்ல வைத்தார்.

பம்பு சோதனைப் பிரிவிலிருந்து இலக்கியா எழுந்தாள்.

"எனக்கு வேண்டுங்க" என்றாள்.

"அந்த 'ங்க' வேண்டாம்."

"சரிங்க."

பயிற்சியாளர் அடுத்தவரிடம் போய்விட்டார்.

*

இலக்கியாவும் சபரீஷும் ஒரே சோதனை மேடையில் வேலை செய்தார்கள். தயாரான பம்பை மேடையில் ஏற்றி, தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது, மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது, சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை போடுவது வேலை. சத்தத்தை வைத்தே பேரிங் சரியில்லை என்று சொல்ல இலக்கியாவுக்குப் பல வருடம் பிடித்தது. சபரீஷ் வேலைக்குச் சேர்ந்தபோது அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். இப்போது அவன் சம்பளம் அவளுடையதைவிடக் கால் பங்கு அதிகம்.

இந்த வருடம் இரண்டு விஷயம் சேர்ந்து வந்திருந்தது. பிரிவுத் தலைவர் ஓய்வு பெறுகிறார்; நாற்காலி காலி. அதோடு, இந்த உயர்வுக்குப் பிறகு எல்லோருடைய சம்பள நிலையையும் ஐந்து வருடத்துக்கு அப்படியே வைத்துவிடப் போகிறார்கள். அதற்கு 'நிலைபெறு வளர்ச்சி' என்று பெயர். இந்த முறை விட்டால் இலக்கியா தன் மகள் காலேஜ் போகும்வரை இதே சம்பளத்தில்தான் இருப்பாள்.

கேன்டீனில் இருவரும் போன வருடப் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அவளுடைய வாயாடி பேசியது.

'உங்கள் எதிர்பார்ப்பு என்ன?' என்றது நடுவர்.

'நீங்களே பார்த்துச் செய்யுங்க.'

'இந்த ஆண்டு சூழ்நிலை கடினம்.'

'புரியுதுங்க. நிறுவனம் நல்லா இருந்தாச் சரிங்க.'

'சிறு உயர்வு தரலாம்.'

'சிரமம்னா வேண்டாங்க. பரவாயில்லைங்க.'

சபரீஷுக்கு டீ புரையேறியது. "ஏனுங்க்கா, அவங்களே தர்றேங்கறாங்க. உங்க வாயாடி வேண்டாங்குது!"

"நான் அப்படியாடா பேசறேன்?"

"காலைல ஸ்டோர்ஸ்காரன் தப்பான பேரிங்கக் குடுத்தான். போய் மாத்தி வாங்குனது நீங்க. 'சாரிங்க, தொந்தரவு பண்ணீட்டேன்'னு சொன்னதும் நீங்க."

"அவன் பாவம், வேலை ஜாஸ்தி."

"பாருங்க" என்றான். அவள் அட்டையில் பச்சை விளக்கு மின்னியது.

அவனுடைய பதிவையும் போட்டார்கள். அவனுடைய வாயாடி எடுத்த எடுப்பிலேயே, 'போன மாசம் ராஜஸ்தான் ஆர்டர் யாரால காப்பாத்தப்பட்டுச்சுன்னு உங்களுக்கே தெரியும்' என்றது.

இலக்கியா அவனைப் பார்த்தாள். ராஜஸ்தானுக்குப் போக இருந்த பம்புகளில் கோளாறைக் கண்டுபிடித்தது அவள்.

"நாங்க ரெண்டு பேருன்னு சொல்லியிருக்கலாமல்ல?"

"நான் டீக்கடைல உதார் உட்டத அப்படியே புடிச்சிக்கிச்சுங்க்கா" என்று தலையைச் சொறிந்தான். குற்ற உணர்ச்சி வந்தால் அவனுக்கு யோசனையும் வரும். "சில்ல மாத்திக்கலாமுங்களா?"

"என்ன?"

"என் வாயாடிய உங்க அட்டைல போட்டுருவோம். உங்களுது எனக்கு. ரெண்டுக்கும் தெரிஞ்சது ஒரே மேடை, ஒரே பம்பு. ஆளோட கோப்பு அட்டையோட போவுது, பேச்சு சில்லோட போவுது. யாருக்குத் தெரியப் போவுது?"

"உனக்கு ஒண்ணும் கெடைக்காதுடா. அது வேண்டாம்னு சொல்லீட்டு வந்துரும்."

"எனக்குத்தான் போன வருஷம் குடுத்துட்டாங்களே. ஒரு தடவ போனாப் போவுதுங்க்கா."

அவன் அதை உண்மையாகத்தான் சொன்னான். அவனுக்கு வீட்டுக் கடன் இருந்தது, ஐந்து வருட நிலைபெறு வளர்ச்சி அவனுக்கும் உண்டு. இருந்தும் சொன்னான். இந்தக் கதையில் யாராவது தியாகம் செய்திருந்தால் அது அந்த நிமிடத்தில் சபரீஷ் செய்ததுதான் என்பதைப் பதிவு செய்துவிட வேண்டும். பின்னால் அது தேடினாலும் கிடைக்காது.

பெரிய பம்பு ஓடும் இரைச்சலில், அவளுடைய ஹேர்பின்னால் அட்டைகளின் முதுகைத் திறந்து சில்லுகளை மாற்றிக்கொண்டார்கள்.

*

உயர்வு நாளன்று அட்டைகளை ஒரு தட்டில் சேகரித்துக்கொண்டு போனார்கள். வெல்வெட் விரித்த தட்டு. மதியம் அட்டைகள் திரும்பி வந்தன; முடிவும் பேச்சுப் பதிவும் கைப்பேசிக்கு வந்தன.

இலக்கியாவின் கோப்புக்காகச் சபரீஷின் வாயாடி அருமையாகப் பேசியிருந்தது.

'உங்கள் எதிர்பார்ப்பு என்ன?'

'இதே மேடைல இதே வேலை செய்யற இன்னொருத்தருக்கு என்ன குடுக்கறீங்களோ, அது. அதுக்கு மேல கொஞ்சம்.'

'இந்த ஆண்டு சூழ்நிலை கடினம்.'

'போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. வாசல்ல புதுசா கிரானைட் போட்டிருக்கீங்க.'

படித்தபோது இலக்கியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் பெயரில் யாரோ இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. கீழே முடிவு இருந்தது. உயர்வு இல்லை. குறிப்பு: 'பேச்சில் கடுமை. நன்றியுணர்வு குறைவு. குழுவோடு ஒத்துப்போகப் பயிற்சி தேவை.' பயிற்சியின் பெயரும் போட்டிருந்தார்கள்: 'இதமாய்ப் பேசு பெண்ணே'. அதே ஊதாத் துப்பட்டா.

"உனக்கு?" என்றாள்.

சபரீஷ் கைப்பேசியை நீட்டவில்லை. அவளே எட்டி வாங்கிக்கொண்டாள்.

'உங்கள் எதிர்பார்ப்பு என்ன?'

'நீங்களே பார்த்துச் செய்யுங்க.'

'இந்த ஆண்டு சூழ்நிலை கடினம்.'

'புரியுதுங்க. நிறுவனம் நல்லா இருந்தாச் சரிங்க.'

'சிறு உயர்வு தரலாம்.'

'சிரமம்னா வேண்டாங்க. கூட வேலை செய்யறவங்களுக்குக் குடுங்க.'

முடிவு: பிரிவுத் தலைவராகப் பதவி உயர்வு, அதற்கேற்ற சம்பளம். குறிப்பு: 'அபூர்வமான பக்குவம். தன்னலமின்மை. நிறுவனத்தைத் தன்னுடையதாகக் கருதும் இத்தகைய தலைமைப் பண்பை நிறுவனர் ஐயா பெரிதும் போற்றியிருப்பார்.'

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதன் பேரிங் சரியில்லை என்று இலக்கியாவுக்குக் கேட்டது. போய் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் வேணும்னு பண்ணலைங்க்கா" என்றான் சபரீஷ்.

"தெரியும்."

"சத்தியமா, ஒண்ணுமே கெடைக்காதுன்னுதான்..."

"தெரியும்டா. என் வாயாடிதானே பேசுச்சு. எத்தன நாளா என் கழுத்துல தொங்குச்சு, இப்படி ஒரு தலைமைப் பண்பு இருக்கறது எனக்கே தெரியல பாரு."

அவன் கைப்பேசி அதிர்ந்தது. வீட்டிலிருந்து. பதவி உயர்வு வந்தால் கம்பெனி தானாகவே வீட்டுக்கு வாழ்த்தும் அரைக் கிலோ மைசூர்பாவும் அனுப்பிவிடும். அவன் மனைவி அதற்குள் மாடி வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கொடுத்துவிட்டாளாம். மாமனார் பேச வேண்டும் என்கிறாராம். அவன், "அப்பறம் பேசறேன்" என்று வைத்தான்.

"வாங்க போலாம்."

"எங்க?"

"மேடம்கிட்ட. சொல்லிர்றேன்."

*

மனிதவளத் தலைவி சங்கமித்ராவின் அறையில் 'சமத்துவ நிறுவனம்' என்ற கேடயங்கள் வரிசையாக இருந்தன. இந்த வருடத்துக்கும் ஓர் இடத்தைத் துடைத்துக் காலியாக வைத்திருந்தார்கள். சபரீஷ் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உக்காருங்க ரெண்டு பேரும். ஹேர்பின்னா?"

"ஆமாங்க மேடம்."

"எல்லாரும் அதுலதான் தொறக்கறாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீங்க மூணாவது ஜோடி. வைண்டிங்ல ஒண்ணு, அக்கவுண்ட்ஸ்ல ஒண்ணு. எல்லாத்துலயும் இதே முடிவுதான்."

"அப்ப நடுவருக்குத் தெரியுதுங்களா, யாரு ஆம்பள யாரு பொம்பளன்னு?" என்றாள் இலக்கியா.

"தெரியாது. பேரு, போட்டோ, ஆணா பெண்ணாங்கற கட்டம், எல்லாத்தையும் நானே உக்காந்து எடுத்தேன். அதுக்கு அதெல்லாம் தெரியாது. வேன் தெரியும்."

"வேனா?"

ஆறு மணிக்குக் கம்பெனி வேன் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் அவரவர் ஊரில் விடும். பாதுகாப்புக்காக நிறுவனர் ஐயா ஏற்படுத்தியது. ஆண்களுக்குக் கிடையாது.

"அது போக்குவரத்துக் கணக்குல வர்ற கட்டம். 'வேன்: ஆம், இல்லை'. அதுல என்ன பேதம் இருக்குன்னு யாரும் எடுக்கல" என்றார் சங்கமித்ரா. "ஐயா முப்பது வருஷமா யாருக்கு எவ்வளவு குடுத்தாருன்னு நடுவர் பார்த்துச்சு. வேன்ல போறவங்க கேக்காம இருந்தா, அவங்களுக்குத் தேவையில்லன்னு விட்டுட்டாரு. கேட்டா, வாய் ஜாஸ்தின்னு விட்டுட்டாரு. வேன்ல போகாதவங்க கேட்டா தைரியம். கேக்காட்டிப் பக்குவம். நடுவர் நல்ல மாணவன். அப்படியே படிச்சுக்கிச்சு."

"அந்தக் கட்டத்த எடுத்தர்லாமுங்களே?" என்றான் சபரீஷ்.

"சோதனைக்கு எடுத்துப் பார்த்தேன். பிரசவ லீவக் கண்டுபுடிச்சிச்சு. அத மறைச்சேன். ஸ்கூல்ல இருந்து யாருக்குப் போன் வருதுன்னு பார்த்துச்சு." அவர் சிரிப்பது போல ஏதோ செய்தார். "எனக்கு வேலை இருந்துச்சு, விட்டுட்டேன்."

"எங்களுக்கு என்னங்க தண்டனை?"

"தண்டிக்கணும்னா அறிக்கை எழுதணும். சில்ல மாத்துனாங்கன்னு எழுதணும். மாத்துனதுல என்ன ஆச்சுன்னும் எழுதணும். அடுத்த வாரம் கேடயம் குடுக்க அமைச்சர் தேதி குடுத்திருக்காரு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதனால நீங்க எதையும் மாத்தல. நான் எதையும் கேக்கல. சில்ல அதது எடத்துல வெச்சிருங்க. முடிவு முடிவுதான்."

சபரீஷ் எழுந்து கதவருகே போய்விட்டான். இலக்கியா நகரவில்லை.

"மேடம், நீங்க நெனச்சா மேல சொல்லலாமுங்களே?"

சங்கமித்ரா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கீழே வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நானும் வேன்தான் இலக்கியா. முன் சீட்டு. அவ்வளவுதான்."

*

ஆறு மணிக்கு வாசலில் நின்றார்கள். புது கிரானைட் வழுக்கும் என்பதால் அதன்மேல் சாக்குப் பை விரித்திருந்தது. சில்லுகள் அவரவர் அட்டைக்குத் திரும்பியிருந்தன.

"என் வாயாடி ரொம்ப சோர்ந்து கெடக்குதுங்க்கா" என்றான் சபரீஷ். "அதுக்குத்தான் உயர்வு இல்லன்னு சொன்னாங்களா, அதுல அடி வாங்கீருச்சு. 'நான் கொஞ்சம் பணிவாப் பேசியிருக்கணுங்க. அடுத்த தடவ அவங்களே பார்த்துச் செய்யட்டுங்க'ன்னு பொலம்புது."

"அடுத்த தடவ உன் கோப்புக்குப் போயி அப்படியே பொலம்பச் சொல்லு. மேனேஜர் ஆயிருவ."

அவனுக்குச் சிரிப்பு வந்து, உடனே நின்றது. "வேணும்னா இந்தப் பதவி வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்றேங்க்கா."

"குடு. தன்னலமில்லாதவருன்னு இன்னொண்ணு ஏத்திக் குடுப்பாங்க."

அவன் காலால் சாக்கை நேராக்கினான். கடைசியில் கேட்டுவிட்டான். "நாளைக்கு ஷிப்டுப் பட்டியல் போடணுமாம். தலைவர் லீவுன்னா நீங்கதானே போடுவீங்க. எப்படிங்க்கா போடறது?"

"அதுக்கென்ன, பரவா..."

குனிந்து பார்த்தாள். பச்சை விளக்கு பாதி மின்னித் தயாராக நின்றது.

"நாளைக்குக் கேளு. வேலை நேரத்துல. எனக்கு வேன் வந்துருச்சு."

அவன் தலையாட்டிவிட்டு பைக் நிறுத்தத்துக்குப் போனான். பாவம், நல்லவன். நாளையிலிருந்து அவளுடைய விடுப்புக் கடிதங்களில் அவன்தான் கையெழுத்துப் போடுவான்.

வேனில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. ஒருத்தி ஏறியதும் தூங்கிப்போனாள். பின்னால் ஒருத்தி கைப்பேசியில் மகனுக்கு வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி மாவு புளித்துவிடும், வெளியே எடுத்து வைக்காதே என்று யாரிடமோ மூன்றாவது முறையாகச் சொன்னாள். முன் சீட்டில் சங்கமித்ரா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வேன் நகர்ந்ததும் இலக்கியாவின் அட்டை பேசியது. குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. ஜலதோஷக் குரலுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

'பதவி உயர்வு வாங்கிட்டு வந்துட்டேனுங்க.'

"கேட்டேன். நல்லாப் பேசுன."

'அடுத்த தடவையும் அப்படியே பேசறேனுங்க. நல்லா வேலை செய்யுதுங்க.' கொஞ்ச நேரம் எதையோ சரிபார்த்தது. 'ஆனா நம்ம சம்பளம் ஏறவே இல்லைங்களே. பதவியும் காட்டலைங்க. பேசுனது நான்தானுங்க. கெடைச்சதும் உண்மைதானுங்க. பின்ன ஏனுங்க?'

பதில் சொல்ல வேண்டுமானால், தான் பெண், சபரீஷ் ஆண் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அபராதம். ஒரு மாதச் சம்பளம், அதாவது அவளுடைய சம்பளம்; சபரீஷுக்கு என்றால் அபராதமும் அதிகம். இந்த ஒரு விஷயத்தில் சட்டம் அவளுக்குச் சலுகை காட்டியிருந்தது.

அவள் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினாள். உள்ளங்கையில் வைத்து, வேனின் நடுவே கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயே கேளு. இந்த வேன்ல யாரு யாரு இருக்காங்கன்னு நல்லாக் கேட்டுட்டு, நீயே கண்டுபுடி."

வாயாடி கேட்டது. வாய்ப்பாட்டைக் கேட்டது, மாவைக் கேட்டது, குறட்டையைக் கேட்டது. வேன் அவினாசி ரோட்டில் ஏறி, சிக்னலில் நின்று, மறுபடி புறப்பட்டது. அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளும் கையை இறக்கவில்லை.

'சக ஊழியர்கள் இருக்காங்க' என்றது கடைசியில். 'எல்லாரும் களைப்பா இருக்காங்க.'

"அப்பறம்?"

'வேற ஒரு வித்தியாசமும் தெரியலைங்க.'